‘கலா’ என்றொரு சொல்

இராஜா அண்ணாமலைபுரம்! அடையாற்றங்கரைப் பகுதிக்கு அண்ணாமலை அரசரின் பெயர். பல்கலைக்கழகம் கண்டவர், தமிழிசைக்குத் துணை நின்றவர் என அவரை நாடு அறியும். அவர் பிறந்த நகரத்தார் குலத்தின் செல்வத்தில் பெரும்பங்கு விளைந்த இடம் பர்மா என்பதையும் அறியும். அதே பர்மாவுக்குக் கப்பலேறி, மூட்டை சுமந்தும், நாற்று நட்டும், ரிக்‌ஷா இழுத்தும் முதுகொடிந்த கூலிகளின் பெயரை எந்தத் தெருவிலே தேடுவது?

வட்டிக்கடை முதலாளிக்கும் கூலிக்கும் அங்கே ஒரே பெயர்தான்: ‘கலா’! மேற்றிசையிலிருந்து வந்த அயலான் என்ற பொருளில் வழங்கிய சொல், நாளடைவில் வசைச்சொல்லாயிற்று. கடைத்தெருவிலே கலா, படகுத்துறையிலே கலா. 1931ஆம் ஆண்டுக் கணக்குப்படி இரங்கூன் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர், ஆயினும் என்ன? எண்ணிக்கை இழிவைத் துடைத்ததா?

1930 மே திங்களில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரை வேலைக்கு அமர்த்தினர். வழக்குத் தீர்ந்ததும், வந்த பர்மியரை வெறுங்கையோடு விரட்டினர். ஏமாற்றியது கம்பெனி; வெட்டுண்டது கூலி! நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரு ஏழைகளை மோதவிட்டு நடுவிலே இலாபம் எண்ணும் வித்தையை வெள்ளையனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவ்வாண்டுகளிலேதான் நெல்விலை சரிந்தது. கடன் கட்டவியலாத பர்மிய உழவரின் நிலம் நகரத்தார் கைக்கு மாறிற்று. முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்தம் உடைமை, 1938இல் 25 பங்காயிற்று. நிலமிழந்தவன் நெஞ்சு கொதிக்காதா? கொதித்தது. ஆனால் அந்த நிலத்தில் ஒரு சாணும் இல்லாத கூலியையும் அக்கொதிப்பு சுட்டதே, அதுவன்றோ கொடுமை! 1938இல் சமய நூலொன்றைச் சாக்கிட்டு மீண்டும் கலவரம்.

1942இல் சப்பானியப் படை நெருங்கியபோது இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தனர். உயிர் தப்பும் அவ்வழியிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை! பசியாலும் காய்ச்சலாலும் வீழ்ந்தோர் பல்லாயிரவர். எஞ்சியோரை, 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு, வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கி விரட்டிற்று. பலர் சேர்த்த பொருளைத் துறந்து கப்பலில் வந்திறங்கினர். அரசேட்டில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. ஊரார் நாவிலோ ‘பர்மா அகதி’. அங்கே இந்தியன் என்று வெறுக்கப்பட்டவன், இந்தியாவில் பர்மாக்காரன் ஆனான்! சென்னைக் கடற்கரை நிலையத்தருகே நடைபாதையில் கடை விரித்து, அத்தோ விற்று, அவர்கள் எழுந்து நின்றனர். இன்று நாம் அதனைச் சுவைக்கிறோம். அவர்கள் வந்த வழியைக் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் இன்று நம் நாவில் வேறொரு சொல் இவ்வளவு எளிதாய்ப் புரளுமா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இந்நகரின் மாடிகளை எழுப்புகிறவனை நாம் எப்படி அழைக்கிறோம்? அவனுக்கும் தாய் சூட்டிய பெயருண்டு. பாடம் சொல்லித்தரும் நம் வகுப்பறையின் கடைசி வரிசையில் அவன் மகன் அமர்ந்திருக்கிறான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் தெளிவாய் எழுதப்பட்டிருக்கிறது. உணவு இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் அவனைக் கூப்பிடுவது, ‘டேய் வடக்கா!’ என்றுதான்.