பாதம் தேடிப் புத்தளத்தில் இறங்கியவர்

கரைத்தீவு என்றதும் இலக்கிய நெஞ்சங்கள் கிழக்கிலங்கையை நினைப்பது இயல்பு. விபுலாநந்த அடிகளார் பிறந்த காரைதீவு அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் ஒரு காலத்தில் காரைதீவு என்றே பெயர். நான் சொல்லவருவது இவ்விரண்டையும் அன்று. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டை ஒட்டிய கடலோரத்தில் கிடக்கும் கரைத்தீவைப் பற்றியது. 'கா' குறுகிக் 'க' ஆனபோது ஊரின் புகழும் கூடவே குறுகிவிட்டது போலும்.

இவ்வூரிலிருந்து என்னிடம் தமிழ் படித்த பையன் ஒருவன் இன்று யப்பானில், ஒசாக்கா நகரில் தொழில் புரிகிறான். முஸ்லிம் பிள்ளை. விடுமுறை நாள்களில் பழைய ஆலயங்களைப் பார்க்கப் போவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் நாரா நகரத்து யக்குஷிஜி ஆலயத்துக்குப் போனதாக எழுதியிருந்தான். அங்கே 730 ஆம் ஆண்டில் எழுந்த ஒரு மரக்கோபுரம் உண்டு. மூன்று நிலைகள்தாம், ஆனால் இடைக்கூரைகளால் ஆறு நிலைபோலத் தோன்றும். வாசலருகே கற்றொட்டியில் நீர் ஓட, நீண்ட காம்பு வைத்த அகப்பையால் அள்ளிக் கைகழுவி உள்ளே போகிறார்களாம். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: "உள்ளே புத்தருடைய பாதம் செதுக்கிய கல் ஒன்று இருக்குதாம் சேர். நம்மட பாவா ஆதம் மலையை நினைத்தேன். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நான் உள்ளே போகலாமா?"

நேயர்களே, மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவியல்லேன். சைவப் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படிப்பிக்கிற ஆசிரியன். ஆனால் பாதமொன்றைக் காணவேண்டும் என்று இதே கடற்கரையில் ஒரு முஸ்லிம் யாத்திரிகர் வந்திறங்கிய கதை எனக்குத் தெரியும். அதைத்தான் அவனுக்கு எழுதினேன். அதன் விரிவே இவ்வுரை.

மொரோக்கோ நாட்டுத் தஞ்சீர் நகரில் 1304 இல் பிறந்து, இருபத்தொரு வயதில் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றியவர் இப்னு பதூதா. 1344 இல் மாலைதீவிலிருந்து மஃபருக்கு, அதாவது நம் பாண்டிய நாட்டுக் கரைக்குக் கப்பலேறினார். மூன்று நாள் ஓட்டம். காற்றுத் திசைமாறி ஒன்பதாம் நாள் இலங்கைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. கடலிலிருந்து பார்க்கையில் சரந்தீவின் மலை வானத்தை நோக்கி எழும் புகைத்தூண் போலத் தெரிந்தது என்கிறார்.

மாலுமிகள் கரைக்குப் போக அஞ்சினார்கள். இது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, அவன் கப்பல்கள் கடலிற் கொள்ளையிடுபவை, வணிகர் நம்பி இறங்கும் இடமன்று என்பது அவர்கள் எண்ணம். நாம் பாடப்புத்தகத்தில் பெருமையோடு படித்த யாழ்ப்பாணத்து அரசனுக்கு அயலான் வாயில் இருந்த பெயர் இது. யாத்திரிகரோ, என்னை மட்டும் இறக்கிவிடுங்கள், உங்களுக்கும் அபயம் வாங்கித் தருகிறேன் என்றார். கரையில் வந்து விசாரித்தவர்களிடம், மதுரைச் சுல்தானுக்குத் தாம் உறவுமுறை என்றார். பொய்யன்று; அக்காள் தங்கையரை மணந்த வகையில் இருவரும் சகலன்மார். உறவுமுறை சொல்லிக் கதவு திறக்கும் வித்தை அன்றும் பலித்திருக்கிறது.

அவர் கண்ட 'பத்தாலா'வே நம்முடைய புத்தளம். மரத்தாலான மதிலும் மரக் காவற்கோபுரங்களும் சூழ்ந்த, சிறியதோர் அழகிய பட்டினம். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரத்தண்டுகள் கரை நெடுகிலும் குன்றுகளாய்க் குவிந்து கிடந்தன. மலையாளத்தாரும் பாண்டிக் கரையாரும் அவற்றை விலையின்றி அள்ளிப்போய், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி முதலியன கொடுப்பார்களாம். இன்று புத்தளத்துக் கரையிற் குவிந்து கிடப்பது உப்புத்தான்.

அரசன் எழுந்து நின்று வரவேற்றுத் தன்னருகே இருத்தினான். இருவரையும் இணைத்த மொழி பாரசீகம். தமிழகராதிகளில் பாரசீகச் சொற்களைத் தேடுகிற நம்மவர், தமிழரசன் ஒருவன் பாரசீகம் விளங்கி அயல்நாட்டுக் கதை கேட்டு மகிழ்ந்தான் என்பதைப் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்களை அதிகாரிகள் தரம்பிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், இத்தகைய முத்தை வேறெங்கும் கண்டீரோ என்று அரசன் கேட்டான். பாரசீகக் குடாவிற் கண்டேன், இவற்றுக்கு ஈடில்லை என்றார் விருந்தினர். மனங்குளிர்ந்த அரசன் அம்முத்துக்களை அவருக்கே கொடுத்து, இன்னும் வேண்டியதைக் கேளும் என்றான்.

அவர் பொன் கேட்கவில்லை, கப்பல் கேட்கவில்லை. ஆதம் நபியின் பாதத்தைக் காணவேண்டும், வேறு ஆசையில்லை என்றார்.

அரசன் தயங்கவில்லை. அவன் கூட்டியனுப்பிய துணையைக் கவனியுங்கள்: ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரசனின் தோழர் பத்துப்பேர், உணவுப்பொதி சுமக்கப் பதினைந்துபேர். யாத்திரிகருக்கு ஒரு பல்லக்கு. அதைச் சுமந்தவர்கள் அடிமைகள் என்பதையும் மறைப்பதற்கில்லை. வழித்துணையாக யோகியைக் கொடுத்ததிலேதான் நுட்பம் இருக்கிறது. சிவனடி தேடிப் போகிறவனுக்குத்தான் ஆதமின் அடிக்கும் வழி தெரியும். இரண்டும் ஒரே பாதை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் எனக்கு நினைவில் வரும். அப்போது நான் சிறுவன். வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை, விடுதலைப் புலிகள் சில நாள்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள், வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவார் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். புத்தளத்துப் பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் நிரம்பின. தென்னந்தோட்டங்களிற் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன. வந்தவர்கள் பேசியது என் தமிழ். அவர்களைத் துரத்தியவர்கள் பேசியதும் அதே தமிழ். அப்படி வள்ளத்தில் வந்த ஒரு குடும்பத்திலே, ஓர் அகதிமுகாமிற் பிறந்தவன்தான் எனக்கு ஒசாக்காவிலிருந்து எழுதிய பையன். 'நான் உள்ளே போகலாமா' என்று அவன் கேட்பதை நான் வெறும் ஆலய விசாரணையாக எடுத்துக்கொள்ள முடியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாத்திரிகர் மூங்கில் ஓடத்தில் ஓர் ஆற்றைக் கடந்து தெற்கே நடந்தார். 'மன்னார் மண்டலி' என்று அவர் குறிப்பதை முந்தலோடு பொருத்துவர். 'பந்தர் சலாவத்' சிலாபம். சிலாபத்தருகே முன்னேஸ்வரம் இருக்க, அதைப்பற்றி ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. சைவனாகிய எனக்கு இதில் சிறு மனக்குறை உண்டு. என்றாலும் பார்க்க வந்ததை மட்டும் பார்க்கிற யாத்திரிகர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

அவரைச் சமரசஞானி என்று தூக்கிப்பிடிக்கவும் நான் தயாரில்லை. நம்மவரை அவர் காபிர்கள் என்றே எழுதுகிறார். இந்துஸ்தானத்துக் காபிர் வீட்டினுள் முஸ்லிமை விடுவதுமில்லை, தன் பாத்திரத்தில் உண்ணக் கொடுப்பதுமில்லை என்று மனங்கசந்தவர் அவர். ஆனால் இங்கே நிலைமை வேறு என்கிறார். ஷீராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கபீப் யானைக்கூட்டத்திலிருந்து தப்பிய அதிசயத்துக்குப் பின், இத்தீவினர் முஸ்லிம்களை வீட்டுக்குள் அழைத்து, தம் மனைவி மக்களோடு பழகவிட்டு, உணவும் பகிர்ந்தார்களாம். யானைக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பகிர்ந்த உணவை அவர் உண்டிருக்கிறார். கொள்கையில் இறுகியிருந்த அவரும், கடலிற் கொள்ளையிடுகிறான் என்று பெயர் வாங்கிய அரசனும், பாதையென்று வந்தபோது தத்தம் இயல்பைக் காட்டிலும் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். இவ்வரலாற்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

மலையேற இரு வழிகள், 'பாவா' வழி, 'மாமா' வழி என்று. ஆதமுக்குப் பாவா, ஹவ்வாவுக்கு மாமா. மாமா வழி எளிது, இறங்குவதற்கு உரியது. அவ்வழியால் ஏறினவன் யாத்திரை செய்தவனாகக் கணிக்கப்படமாட்டான்! காட்டில் அட்டை பாய்ந்து ஒட்டும். தேசிக்காய் பிழிந்து விழுத்தவேண்டும். செங்குத்துப் பாறையில் பத்துச் சங்கிலிகள். பத்தாவதைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தவன் விழுந்துவிடுவேனோ என்று அஞ்சிக் கலிமாச் சொல்வானாம். ஆகவே அதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நான் அம்மலையேறியபோது சங்கிலிக்குப் பதில் சீமெந்துப் படிகள் இருந்தன. அச்சம் மட்டும் மாறவில்லை. முன்னே சிங்களப் பெரியவர் ஒருவர் 'கருணாவாய்' என்று பாட, பின்னே தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள் 'சிவனே' என்றார்கள். நான் மூச்சுவாங்கி எதையும் சொல்லவில்லை.

பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்கிறார். எட்டடிக்கு மேல் வருகிறது. இன்றைய அளவோ ஐந்தரை அடியை ஒட்டியது. ஏறிய களைப்பில் கை விரிந்து கொடுக்கவில்லைப் போலும். அவர் சொல்லும் மற்றொரு செய்தி இன்னும் சுவையானது: சீனர் வந்து பெருவிரல் இருந்த பாறையை வெட்டியெடுத்துப்போய்த் தங்கள் ஸைத்தூன் துறைமுகத்து ஆலயத்தில் வைத்தார்கள், அதை வழிபடவும் தூரதேசத்தார் வருகிறார்கள் என்கிறார். நடந்ததோ இல்லையோ, பாதம் கடல் கடந்து போகக்கூடியது என்று மக்கள் நம்பியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் தெவிநுவர. நம் தெய்வந்துறை. கடலோரத்துப் பெருங்கோயில், ஆளுயரப் பொன் விக்கிரகம், கண்களில் இரவிலும் ஒளிரும் இரு மாணிக்கங்கள், ஆயிரம் பிராமணரும் யோகிகளும், இரவுதோறும் ஆடிப்பாடும் ஐந்நூறு பெண்கள், ஊரின் வருவாய் முழுதும் தெய்வத்துக்கே. விக்கிரக வணக்கத்தை வெறுத்தவர் அதை விவரிக்கும்போது இகழவில்லை, கணக்கெடுக்கிறார். நம் கோயிலொன்றைப் பற்றி நம்மவர் எழுதிவைக்காததை அவர் எழுதிவைத்தார். சீனத் தளபதி செங்-ஹோ 1409 ஆம் ஆண்டு நாளிட்டு நாட்டிய முக்கல்வெட்டும் இத்தெய்வத்தை அறியும். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என ஒத்த காணிக்கைகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. 1911 இல் காலியிற் கண்டெடுத்த அக்கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கோயில்தான் இல்லை, 1588 இல் போர்த்துக்கேயர் கொள்ளையிட்டு எரித்தார்கள்.

காலி, கொழும்பு வழியாக அவர் புத்தளம் மீண்டபோது, கப்பல் தலைவர் வாக்குத் தவறாமற் காத்திருந்தார். அவ்வளவு நாளும் அவர் அரசனின் விருந்தாளி. பின்னர் மலையாளக் கரையில் கடற்கொள்ளையர் யாத்திரிகரின் உடைமையெல்லாம் பறித்தபோது, இலங்கை அரசன் கொடுத்த முத்தும் மாணிக்கமும் அவற்றோடு போயின. 1355 இல் தாயகத்து பெஸ் நகரிலிருந்து இப்னு ஜுஸைய் எழுத, அவர் சொன்னதெல்லாம் நினைவிலிருந்து சொன்னதே.

இதையெல்லாம் எழுதி, நாராவின் கல்லைப் பற்றியும் பையனுக்குச் சில வரி சேர்த்தேன். 753 ஆம் ஆண்டில் வடித்த அக்கல்லின் பக்கங்களில் அதன் வரலாறு வெட்டப்பட்டுள்ளது. இந்தியாவின் மான்சோலையிற் கண்ட பாதத்தைச் சீனத் தூதர் வாங் சுவான்-சே படியெடுத்தார். அப்படியைச் சீனத்தில் ஒரு யப்பானியர் மறுபடியெடுத்து நாராவுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து மூன்றாம் படியாக இக்கல். செய்வித்த பிரபு, இறந்துபோன தம் மனைவியின் நற்கதிக்காகச் செய்வித்தார். அருகேயுள்ள கற்பலகையில் இருபத்தொரு பாடல்கள். பாதத்தைப் பாடுவது நமக்கு மட்டும் உரிய மரபென்று நினைத்திருந்தேன். உள்ளே போவதா வேண்டாமா என்பதை அவனே தீர்மானிக்கட்டும் என்று முடித்தேன்.

இரு கிழமை கழித்துப் பதில் வந்தது. மறுபடி போயிருக்கிறான். அகப்பையில் நீரள்ளிக் கைகழுவினானாம். ஒளு எடுப்பதுபோல இருந்ததாம். வணங்கவில்லை, கைகட்டி நின்று பார்த்தானாம். தொடவிடமாட்டார்கள், கண்ணளவில் இரண்டு சாணுக்குச் சற்றுக் கூட என்று கணித்திருக்கிறான். பெருவிரல் இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். பத்து விரலும் இருக்குது சேர் என்றான்.