மகின்ஹாவா சமூக உணவுப் பண்டகம்

மகின்ஹாவா சமூக உணவுப் பண்டகம் என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் கேசோன் நகரில், மகின்ஹாவா தெருவில் 2021 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட இலவச உணவுப் பகிர்வு நிலையம் ஆகும். கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் வருவாய் இழந்த குடும்பங்களுக்கு உதவும் நோக்குடன், சிறுதொழில் செய்துவந்த அனா பத்ரீசியா நோன் என்ற 26 வயதுப் பெண் இதனைத் தொடங்கினார். மகின்ஹாவா என்ற பிலிப்பினோ மொழிச் சொல்லுக்கு "வசதியான", "இன்னலற்ற" என்று பொருள்.

பின்னணி

தொற்று மீண்டும் பெருகியதால் 2021 மார்ச் 29 முதல் ஏப்ரல் 11 வரை மணிலா பெருநகரிலும் அதனை அடுத்த மாகாணங்களிலும் கடுமையான ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. நாட்கூலிகளும் தெரு வணிகர்களும் வேலையின்றி இருந்தனர். அரசு ஆளுக்கு 1,000 பெசோ, குடும்பத்துக்கு அதிகபட்சம் 4,000 பெசோ என உதவித்தொகை அறிவித்தது. ஐந்து பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு இத்தொகை சில நாட்களுக்கே போதுமானதாக இருந்தது.

செயற்பாடு

சிறு மூங்கில் வண்டி ஒன்றில் அரிசி, காய்கறிகள், தகர டப்பா உணவுகள், முகக்கவசங்கள் முதலியவை வைக்கப்பட்டன. இயன்றதைக் கொடுக்கவும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளவும் கேட்கும் அட்டை ஒன்று வண்டியில் தொங்கவிடப்பட்டது. விதிகள் அவ்வளவே.

உணவு வங்கி என்ற அமைப்பு புதியதன்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் 1967 இல் நிறுவியதே உலகின் முதல் உணவு வங்கியாகக் கருதப்படுகின்றது. ஆனால் அத்தகைய வங்கிகளிடமிருந்து பொருள் பெற்று வழங்கும் பண்டகங்கள் பலவற்றில் பயனாளியின் முகவரி, வருமானம் போன்றவை பதிவு செய்யப்படுகின்றன. மகின்ஹாவாவில் பெயர்கூடக் கேட்கப்படவில்லை. வறுமையை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமையே இதன் தனித்தன்மை எனலாம். பெறுபவரே மறுநாள் கொடுப்பவராகவும் வரலாம். தார்லாக் மாகாணத்தின் பானிகி ஊர் உழவர்கள் தம் விளைச்சலிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை அனுப்பினர்.

இம்முறை தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற ஐயமும் எழுந்தது. பாசிக் நகரின் கபிதோலியோ பகுதியில் இருந்த வேறொரு பண்டகத்தில், பெண்கள் சிலர் மேசையில் இருந்த அனைத்தையும் எடுத்துச் சென்ற காணொளி பரவலாகப் பார்க்கப்பட்டது. எடுத்தவற்றை அண்டை வீட்டாருடன் பகிர்ந்ததாக அவர்கள் பின்னர் கூறினர்.

பரவல்

சில நாட்களிலேயே நாடெங்கும் நூற்றுக்கணக்கான பண்டகங்கள் தோன்றின. இவற்றுக்குத் தலைமை அமைப்பு எதுவும் இல்லை. அயல்நாடான கிழக்குத் திமோரிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. ஊர் கூடி உதவும் "பயனிஹான்" என்னும் பிலிப்பினோ மரபின் தொடர்ச்சியாகப் பலர் இதனைக் கண்டனர்.

சர்ச்சைகள்

அட்டை வாசகம் கார்ல் மார்க்சு 1875 இல் எழுதிய கூற்று ஒன்றை ஒத்திருந்தது. பண்டகத்தைப் பொதுவுடைமைக் கிளர்ச்சியாளர்களுடன் தொடர்புபடுத்தும் பதிவுகளை அரசின் கிளர்ச்சி எதிர்ப்புப் பணிக்குழு சமூக ஊடகத்தில் வெளியிட்டது. காவலர்கள் தன் தொலைபேசி எண்ணையும் தான் சார்ந்த அமைப்பையும் கேட்டதாக நோன் தெரிவித்தார். பெயர் கேட்காத பண்டகத்தில் நடத்துபவரின் விவரங்கள் கேட்கப்பட்டதே முரண். தன்னார்வலர்களின் பாதுகாப்புக் கருதி ஏப்ரல் 20 அன்று பண்டகம் மூடப்பட்டது. கேசோன் நகர முதல்வர் ஜாய் பெல்மான்டே ஆதரவு அளித்ததை அடுத்து மறுநாளே மீண்டும் திறக்கப்பட்டது.

பணிக்குழுவின் பேச்சாளரான படைத்தளபதி அந்தோனியோ பர்லாடே, நோனை ஏவாளுக்குக் கனி கொடுத்த சாத்தானுடன் ஒப்பிட்டுப் பேசியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. செனட் உறுப்பினர்கள் பலர் பணிக்குழுவின் நிதியை நிறுத்துமாறு கோரினர். பண்டகங்கள் குறித்துப் பேச அவருக்கும் மற்றொரு பேச்சாளருக்கும் பின்னர் தடை விதிக்கப்பட்டது.

கூட்ட நெரிசல்

நடிகை ஏஞ்சல் லாக்சின் தம் பிறந்தநாளான 2021 ஏப்ரல் 23 அன்று கேசோன் நகரில் ஒரு பண்டகம் நடத்தினார். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மக்கள் திரண்டனர். வரிசையில் நின்ற 67 வயது முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்தார். தெருவில் முட்டை விற்றுப் பிழைத்தவர் அவர். லாக்சின் மன்னிப்புக் கோரினார்.