வாலில் கட்டிய வீடு

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் புல்ஹெட் சிட்டி என்று ஒரு ஊர். கொலராடோ ஆற்றங்கரை. வெயில் காலத்தில் அங்கே நூறு டிகிரி என்றால் ‘இன்றைக்குப் பரவாயில்லையே’ என்பார்கள். ஊருக்குப் பக்கத்தில் டேவிஸ் அணை. அங்கிருந்து ஒரு மலைச் சாலை கிளம்புகிறது. 11.4 மைல் தூரத்தில் சுமார் மூவாயிரம் அடி ஏற்றம். நம்ம ஊட்டி மாதிரி குளுகுளு சமாச்சாரமெல்லாம் கிடையாது. இரண்டு பக்கமும் காய்ந்த பாறை, கருவேல முள் மாதிரி ஏதோ செடி, தலைக்கு மேலே சூரியன்.

இந்தச் சாலையில் நீங்கள் ஒரு பிக்கப் டிரக்கில் போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தனியாக இல்லை. வண்டியின் வாலில் ஒரு வீடு கட்டியிருக்கிறது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், டாய்லெட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த முப்பது அடி நீள வீடு. அதற்குப் பெயர் டிராவல் டிரெய்லர். ஏ.சி.யை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு, மணிக்கு நாற்பது மைலுக்குக் கீழே குறையாமல் உச்சிக்குப் போய்ச் சேரவேண்டும். இஞ்சின் கொதிக்கக்கூடாது.

எதற்கு இந்த விஷப்பரீட்சை என்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த வீடு எப்படி வண்டியின் வாலுக்கு வந்தது என்று பார்த்துவிடுவோம்.

வாலி பையம் என்று ஒருவர். 1896-ல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். ‘நீங்களே டிரெய்லர் செய்துகொள்ளலாம்’ என்று அவருடைய பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. படித்துவிட்டுச் செய்து பார்த்த வாசகர்கள், ‘இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை’ என்று கடிதம் போட்டார்கள். (வாசகர் கடிதத்தை மதிக்கிற ஆசிரியர் எங்கேயும் உண்டு!) பையம் தானே சுத்தியலும் ஆணியுமாக இறங்கிப் பார்த்தார். வாசகர்கள் சொன்னது சரி. அவரே திருத்திச் செய்தார். செய்ததைப் பார்த்தவர்கள், ‘எனக்கும் ஒண்ணு’ என்றார்கள். ஆசிரியர் முதலாளியானார். 1936-ல் அவர் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்ற டிரெய்லரைக் கொண்டுவந்தார். விமானத்தின் உடம்பு மாதிரி அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் சேர்த்த, வழவழவென்ற வெள்ளி முட்டை.

அந்த மனிதர் சும்மா விற்றுவிட்டு உட்காரவில்லை. வாங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1959-ல் 41 டிரெய்லர்களோடு ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியான கேப் டவுனிலிருந்து புறப்பட்டு, சேறு, பாலைவனம், எத்தியோப்பியாவின் மலைகள் எல்லாவற்றையும் தாண்டி 1960-ல் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். பிரமிடுகளுக்கு முன்னால் வெள்ளி முட்டைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எல்லோரும் பையம் இல்லையே. சாதாரணக் குடும்பம் சாதாரணக் காரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலையேறினால் என்ன ஆகும்? 1954-ல் இதை வைத்தே ஹாலிவுட்டில் ஒரு காமெடிப் படம் எடுத்தார்கள். ‘தி லாங், லாங் டிரெய்லர்.’ லூசில் பாலும் டெஸி ஆர்னாஸும் புதுமணத் தம்பதி. போகிற இடமெல்லாம் ஞாபகார்த்தமாக ஒரு கல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்வது மனைவியின் வழக்கம். மலைப்பாதை வருகிறது. கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் கணவன். அவளுக்கு மனசு வரவில்லை. டிரெய்லருக்குள்ளேயே ஒளித்து வைக்கிறாள். கார் முக்கி முனகி ஏற, கற்கள் உள்ளே உருள... தியேட்டரில் சிரித்தார்கள். காரில் அப்படிப் போய் வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பி.காம். படித்தவனிடம் கணக்கைக் கொடுத்தால் சும்மா இருக்கமாட்டான். போட்டுப் பார்த்தேன். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து ஏழு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு அடிக்கு ஆறு அடி ஏற்றம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். இந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் சுமார் 120 குதிரைத்திறன் வேண்டும். எதிர்க்காற்றும் டயரின் உரசலும் தனியாகக் கேட்பது இன்னொரு 60. போதாததற்கு, மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவிகித பலத்தை இழந்துகொண்டே போகும். கூடுதல் பலம் தேவைப்படுகிற இடத்தில் கையிருப்பு குறைகிறது. எந்த வியாபாரத்திலும் இதற்குப் பெயர் நஷ்டம்.

டீசல் இங்கேதான் உள்ளே வருகிறது.

ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897-ல் தன் இஞ்சினை ஓட்டிக் காட்டினார். 1913-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது நடுக்கடலில் காணாமல் போனார். அந்த மர்மம் தனிக் கதை. இன்னொரு நாள் பார்ப்போம். நமக்கு வேண்டியவர் அமெரிக்கர். பெயர் கிளெஸி கம்மின்ஸ். 1888-ல் பிறந்தவர். இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற சின்ன ஊரில், இர்வின் என்கிற வங்கிக்காரர் வீட்டில் டிரைவர். வண்டி ஓட்டுவார், ரிப்பேர் பார்ப்பார், கூடவே எதையாவது நோண்டிக்கொண்டிருப்பார். முதலாளிக்கு அவர் மேல் நம்பிக்கை. பணம் போட்டார். 1919-ல் கம்மின்ஸ் கம்பெனி பிறந்தது.

பத்து வருஷம் பணத்தைத் தின்றது. இழுத்து மூடிவிடலாம் என்கிற நிலைமை. 1929 கிறிஸ்துமஸ். பழைய பக்கார்ட் கார் ஒன்றில் டீசல் இஞ்சினைத் திணித்து, ‘வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்’ என்று முதலாளியைக் கூட்டிப்போனார் கிளெஸி. அந்த ஒரு ரவுண்டில் கம்பெனி பிழைத்தது. அடுத்த மாதமே அதே காரை நியூயார்க் கார் கண்காட்சிக்கு ஓட்டிப் போனார். 792 மைல். எரிபொருள் செலவு ஒரு டாலர் 38 சென்ட்! 1931-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் ரேஸில் அவருடைய டீசல் கார் ஒரு தடவைகூட நிற்காமல் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தது. ஜெயிக்கவில்லை, பதின்மூன்றாவது இடம்தான். ஆனால் பெட்ரோல் போட நிற்கவே இல்லை என்பதுதான் செய்தி.

அதே வருஷம் ஆகஸ்டில் டீசல் லாரி ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பேரோடு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கிளம்பினார். நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு. மலைகளில் லாரி சொன்னபடி ஏறியது. கடைசியாக வந்தது கலிபோர்னியாவின் கஹோன் கணவாய். இதில் ஏறுவது இல்லை, இறங்குவது. கீழே சான் பெர்னார்டினோ. அங்கே போய்விட்டால் பயணம் ஏறக்குறைய முடிந்த மாதிரி.

இறக்கத்தில் பிரேக் சூடாகிச் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிக்கவே இல்லை. லாரி தன் இஷ்டத்துக்கு வேகமெடுத்தது. கீழே ரயில்வே கிராஸிங். அதில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று பேரும் மயிரிழையில் தப்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாடு பூராவும் ‘என் இஞ்சின் எந்த மலையையும் ஏறும்’ என்று நிரூபித்துக்கொண்டே வந்த மனிதர், அந்த இஞ்சின் பிடித்து நிறுத்தாததால் கிட்டத்தட்டச் செத்திருப்பார்.

நம்ம லாரி டிரைவர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: ஏறின கியரிலேயே இறங்கு. இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் பிழைக்கும். பெட்ரோல் இஞ்சினில் இது பிரமாதமாக நடக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகிற வழி அடைபடுகிறது. இஞ்சின் மூச்சு முட்டித் திணறுகிறது. அந்தத் திணறல்தான் பிரேக். டீசலில் அந்த அடைப்பே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும், டீசலைத்தான் கூட்டிக் குறைக்கிறோம். அது சிக்கனமாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இறக்கத்தில் அதே குணம் காலை வாருகிறது. பிஸ்டன் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. கொடுத்ததை வட்டி இல்லாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாயிற்று. வண்டி நிற்குமா?

கிளெஸி அந்த ரயிலை மறக்கவில்லை. கம்பெனியில் ஓய்வு பெற்று கலிபோர்னியாவில் குடியேறிய பிறகு, 1950-களின் நடுவில் விடை கிடைத்தது. கம்மின்ஸ் இஞ்சினில் டீசலை உள்ளே பீய்ச்சுகிற இன்ஜெக்டரை இயக்க ஒரு தனிக் கை உண்டு. காற்று முழுதாக அமுங்குகிற அந்தச் சரியான நொடியில்தான் அது அசையும். அந்த அசைவை வைத்தே புகை போகிற வால்வைத் திறந்துவிட்டால்? அமுங்கிய காற்று ‘டப்’பென்று வெளியே ஓடிவிடும். ஸ்பிரிங் போச்சு. பிஸ்டன் பட்ட பாடெல்லாம் வீண், அதாவது பிரேக்! டிரில் மெஷினில் துளை போடும் கம்பியைப் பிடிக்கிற ‘சக்’ செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் கம்பெனி இதை 1961-ல் தயாரித்து விற்றது. லாரிக்காரர்கள் ‘ஜேக் பிரேக்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். கஹோன் கணவாயில் உயிர் தப்பி சரியாக முப்பது வருஷம்.

இதெல்லாம் பெரிய லாரிக்கு. குடும்பஸ்தன் பிக்கப்புக்கு டீசல் வந்த கதை வேறு. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகியதும் அமெரிக்கர்களுக்குச் சிக்கனம் ஞாபகம் வந்தது. 1978 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் அவசரமாக ஒரு டீசலைக் கொண்டுவந்தது. பெட்ரோல் இஞ்சினின் அமைப்பையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு செய்த டீசல். டீசலில் காற்று அமுங்குகிற அழுத்தம் எங்கே, பெட்ரோல் எங்கே? மேல்மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தாங்கவில்லை. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க ஏற்பாடு இல்லை. வழக்குகள், வசைகள். 1985-ல் மூட்டை கட்டினார்கள். அதற்குள் ‘டீசலா? ஐயோ!’ என்று ஒரு தலைமுறையே அலறக் கற்றுக்கொண்டது.

அலறலை நிறுத்தியது, விற்பனையில் ரொம்பவும் பின்தங்கிக் கிடந்த டாட்ஜ். 1989 மாடலில் தன் பிக்கப்பில் கம்மின்ஸ் இஞ்சினைப் பொருத்தியது. 5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ. டிராக்டருக்கும் மற்ற உழைக்கிற இயந்திரங்களுக்கும் என்று உருவான வம்சம். 160 குதிரைத்திறன்தான். கேட்டால் ‘பூ, இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஆனால் முறுக்கு விசை, அதாவது டார்க், 400 பவுண்டு-அடி. அதுவும் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றைத் தொடுவதற்கு முன்பே! பெட்ரோல் இஞ்சின் கத்திக் கூப்பாடு போட்டு ஏறுகிற இடத்தில் இது கட்டை மாடு மாதிரி தலையைக் குனிந்து ஏறியது. மெலிந்த காற்றை டர்போ அமுக்கிக் கொடுத்துவிடுவதால் உயரமும் பெரிதாக உறைக்கவில்லை. டிரெய்லர்க்காரர்கள் தேடிக்கொண்டிருந்த மாடு கிடைத்துவிட்டது.

ஒரு விஷயம் தெரியுமா? இதே இஞ்சின் வம்சம்தான் நம்ம ஜாம்ஷெட்பூரில், 1993-ல் ஆரம்பித்த டாடா கம்மின்ஸ் கம்பெனியில் உருவாகி டாடா லாரிகளில் ஏறியது. அங்கே பிக்னிக் போகிறது, இங்கே நெல் மூட்டை சுமக்கிறது.

டாட்ஜ் போட்ட போட்டில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் முழித்துக்கொண்டன. ‘என் வண்டி பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்’, ‘என் வண்டி அதற்கும் மேலே’ என்று விளம்பர யுத்தம். வேடிக்கை என்னவென்றால், எதை வைத்து அளப்பது என்பதற்குப் பொதுவிதியே கிடையாது. அவரவர் தராசு, அவரவர் படிக்கல். தணிக்கை இல்லாத பேலன்ஸ் ஷீட் எப்படியிருக்கும் என்று காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த எண்ணை நம்பித்தான் ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையேறுகிறான்.

2008-ல் அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் சங்கம் ஒரு விதி எழுதியது. ஜே 2807 என்று பெயர். முதலில் சொன்ன டேவிஸ் அணைச் சாலை இதில்தான் வருகிறது. நூறு டிகிரி வெயில், முழு ஏ.சி., நாற்பது மைல் வேகம் எல்லாம் அந்த விதியின் வாசகங்கள். டிரைவரும் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. தலைக்கு 150 பவுண்டு. (அமெரிக்கர்களுக்கு இது ரொம்பத் தயாளமான மதிப்பீடு!) நூறு அடிக்குப் பன்னிரண்டு அடி செங்குத்தில் நின்ற இடத்திலிருந்து கிளப்பிக் காட்டவேண்டும். முன்பக்கம் ஐந்து தடவை, ரிவர்ஸில் ஐந்து தடவை.

முதலில் கை தூக்கியது ஜப்பான்காரன். 2011 மாடலில் டொயோட்டா தன் டன்ட்ராவை இந்த விதிப்படி அளந்தது. இழுவை எண் சில நூறு பவுண்டு குறைந்தது. குறைந்ததை அப்படியே அச்சிட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகளோ, ‘அவன் முதலில் குறைக்கட்டும்’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வருஷங்களைக் கடத்தின. 2015 மாடல் வாக்கில்தான் பெரும்பாலானவர்கள் வழிக்கு வந்தார்கள்.

ஏற்றத்துக்கு விதி வந்தது. இறக்கம்? ஏறும்போது தூக்கி வைத்த அந்த 120 குதிரைத்திறன் இறங்கும்போது பாக்கி வசூலுக்கு வந்து நிற்கும். காற்றும் டயரும் பாதியைத் தின்றாலும் மிச்சம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். இருபதுக்கும் மேற்பட்ட வீட்டு கெய்சர்களை ஒரே சமயத்தில் போட்ட சூடு! டிரெய்லருக்கென்று தனி பிரேக் உண்டு, ஆனால் சூடு என்பது சூடுதான். 1989-ல் வந்த அந்த அருமையான மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் வெளியே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 2007-ல் கம்மின்ஸின் 6.7 லிட்டர் இஞ்சின் வந்தபோது, டர்போவே புகைப் பாதையை நெருக்கிப் பிடித்து வண்டியை மட்டுப்படுத்துகிற பிரேக், கம்பெனியிலேயே சேர்ந்து வந்தது. ஜேக் பிரேக்கின் வழி வேறு, இதன் வழி வேறு. வேலை ஒன்றுதான். டாஷ்போர்டில் ஒரு பட்டன். அவ்வளவுதான்.

கிளெஸி அதைப் பார்க்க இல்லை. 1968-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கஹோன் கணவாயில் இப்போது அகலமான நெடுஞ்சாலை. வார இறுதிகளில் வால் வீடுகள் சாரி சாரியாக இறங்குகின்றன. அமெரிக்காவின் பல சின்ன ஊர்களின் எல்லையில் ஒரு போர்டு இருக்கும்: ‘இஞ்சின் பிரேக் போடாதே.’ மெஷின் கன் மாதிரி படபடவென்று சத்தம் வருகிறதாம், ராத்திரியில் தூங்க முடியவில்லையாம்.