20 டிபி ஃபுட்டேஜ்... மாத பில் எவ்வளவு வரும்? வெவ்வேறு ஊரில் இருந்து வேலை செய்யும் எடிட்டிங் டீமுக்கு எந்த க்ளவுட் சரி?

எடிட்டர் சென்னை சாலிகிராமத்தில். கலரிஸ்ட் மும்பையில். விஎஃப்எக்ஸ் டீம் ஹைதராபாத்தில். இயக்குநரோ அடுத்த ஷெட்யூலுக்காக ஊட்டியில். ஒரு வெப் சீரிஸின் போஸ்ட் புரொடக்‌ஷன் இன்று இப்படித்தான் நடக்கிறது. முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். இப்போது எல்லாரும் சொல்லும் ஒரே வார்த்தை, "க்ளவுட்ல போட்டுடுங்க."

போட்டுவிடலாம். ஆனால் மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் பலருக்குத் தலை சுற்றுகிறது. சேமித்து வைக்க ஒரு கட்டணம், திரும்ப எடுக்க ஒரு கட்டணம், சீக்கிரம் அழித்தால் அதற்கும் ஒரு கட்டணம். எதைத் தேர்வு செய்வது? எங்கே பணம் கசிகிறது? பார்க்கலாம்.

திடீரென்று விலை ஏறியது ஏன்?

திடீரென்று ஏறவில்லை. சில ஆண்டுகளாகவே சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. ட்ராப்பாக்ஸ் தனது வணிகத் திட்டம் ஒன்றில் 'தேவையான அளவு இடம்' கொடுத்து வந்தது. அதை 2023 ஆகஸ்டில் நிறுத்தி, 3 பேர் கொண்ட குழுவுக்கு 15 டிபி என வரம்பு வைத்தது. அதே ஆண்டில் வசாபி நிறுவனம் 1 டிபிக்கான மாதக் கட்டணத்தை 5.99 டாலரில் இருந்து 6.99 டாலராக்கியது. பேக்பிளேஸ் நிறுவனம் 5 டாலரை 6 டாலராக்கியது.

2025 இறுதியில் இன்னொரு நெருக்கடி சேர்ந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் மெமரி சிப்களையும் டிஸ்க்குகளையும் மொத்தமாக வாங்கிக் குவிக்க, எஸ்எஸ்டி விலை ஏறியது. 'சொந்தமாக டிஸ்க் வாங்கி வைத்துக்கொள்ளலாமே' என்ற மாற்று வழியும் செலவுள்ளதாகிவிட்டது. பல சேவைகளின் விலை டாலரில் இருப்பதால், ரூபாய் மதிப்பு சரியும்போதெல்லாம் இந்தியக் குழுவின் பில் தானாக ஏறும். அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி தனி.

வீடியோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இடம்?

25 ஃப்ரேம் வேகத்தில், 4கே தரத்தில், ஆப்பிள் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ வடிவில் எடுக்கப்படும் 1 மணி நேர வீடியோ சுமார் 332 ஜிபி. 60 மணி நேர ஃபுட்டேஜ் என்றால் கிட்டத்தட்ட 20 டிபி. ஒரு சிறிய வெப் சீரிஸுக்கு இது சாதாரண அளவுதான். இரண்டு கேமரா ஓடினால் சீக்கிரமே இதைத் தாண்டிவிடும்.

இதை அப்லோடு செய்வது இன்னொரு கதை. 100 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் தடையில்லாமல் கிடைத்தாலும் 1 டிபி ஏற சுமார் 22 மணி நேரம் ஆகும். 20 டிபிக்கு 18 நாட்களுக்கு மேல். நம் ஊர் வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் மாதம் 3.3 டிபி தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. கூகுள் ட்ரைவில் ஒரு கணக்கில் இருந்து ஒரு நாளைக்கு 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது.

20 டிபிக்கு மாதம் எவ்வளவு?

1 டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 2023 - 24 பட்டியல் விலையில் ஒரு கணக்கு. வரி இதில் சேரவில்லை.

• அமேசான் எஸ்3 ஸ்டாண்டர்டு, அமெரிக்க சர்வர்: 460 டாலர், சுமார் 41,400 ரூபாய். மும்பை சர்வர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.
• கிளவுட்ஃப்ளேர் ஆர்2: 300 டாலர், சுமார் 27,000 ரூபாய்.
• வசாபி: சுமார் 140 டாலர், 12,600 ரூபாய்.
• பேக்பிளேஸ் பி2: 120 டாலர், 10,800 ரூபாய்.

இது வைத்திருப்பதற்கான வாடகை மட்டுமே. உண்மையான சிக்கல் அடுத்ததில்தான் இருக்கிறது.

திரும்ப எடுக்கவும் காசா?

ஆமாம். இதை 'எக்ரெஸ்' கட்டணம் என்கிறார்கள். லாக்கரில் நகை வைக்க வாடகை வாங்கிவிட்டு, நகையை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் தனியாகக் காசு கேட்பது போல.

அமேசான் எஸ்3-இல் இருந்து இணையம் வழியாக டவுன்லோடு செய்ய, மாதத்தின் முதல் 100 ஜிபி இலவசம். அதன் பிறகு முதல் 10 டிபி வரை 1 ஜிபிக்கு 9 சென்ட், அடுத்த 40 டிபிக்கு 8.5 சென்ட். அந்த 20 டிபியை ஒருவர் ஒரு முறை முழுதாக இறக்கினால் சுமார் 1,750 டாலர், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரே மாதத்தில் எடிட்டர், கலரிஸ்ட், விஎஃப்எக்ஸ் டீம் என மூன்று இடங்களில் இறக்கினால் சுமார் நான்கரை லட்சம் ரூபாய். பத்து மாத வாடகையைவிட ஒரு மாத டவுன்லோடு செலவு அதிகம்!

மற்றவர்கள் எப்படி? கிளவுட்ஃப்ளேர் ஆர்2-இல் எக்ரெஸ் கட்டணமே இல்லை. பேக்பிளேஸில், சேமித்து வைத்திருக்கும் அளவைப்போல 3 மடங்கு வரை மாதந்தோறும் இலவசம். வசாபியில், சேமித்த அளவுக்குள் டவுன்லோடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே இன்னொன்றும் உண்டு. ஒரு ஃபைலை இன்று ஏற்றி நாளையே அழித்தாலும் 90 நாள் வாடகை கணக்கில் ஏறிவிடும்.

2024-இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் எக்ரெஸ் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததாகச் செய்தி வந்ததே என்று சிலர் கேட்கலாம். அந்தத் தள்ளுபடி, சேவையை விட்டு மொத்தமாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்குத்தான். தினசரி டவுன்லோடுக்கு அல்ல.

எல்லா க்ளவுடும் ஒன்றுதானே?

இல்லை. எடிட்டிங் வேலையைப் பொறுத்தவரை மூன்று வகை.

முதல் வகை, கூகுள் ட்ரைவ், ட்ராப்பாக்ஸ் போன்ற சிங்க் சேவைகள். பழகியவை, எளிதானவை. ஆனால் ஒரு ஷாட்டில் 5 விநாடி மட்டும் தேவை என்றாலும் பொதுவாக முழு ஃபைலும் கம்ப்யூட்டருக்கு இறங்க வேண்டும். ஸ்கிரிப்ட், மியூசிக், புராஜெக்ட் ஃபைல், ரெஃபரன்ஸ் போன்றவற்றுக்கு இது போதும்.

இரண்டாவது, எஸ்3, பி2, ஆர்2, வசாபி போன்ற 'ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்'. பெரிய குடோன் என்று நினைத்துக்கொள்ளலாம். பத்திரமாக இருக்கும், வாடகையும் குறைவு. ஆனால் குடோனுக்குள்ளேயே உட்கார்ந்து எடிட் செய்ய முடியாது. பொருளை வெளியே எடுத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

மூன்றாவது, லூசிட்லிங்க் போன்ற ஸ்ட்ரீமிங் வகை. க்ளவுடில் இருக்கும் ஃபைல், கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் போலவே தெரியும். டைம்லைனில் எந்தப் பகுதி ஓடுகிறதோ அந்தத் துண்டு மட்டும் இறங்கும். வேலை சுலபம், விலை அதிகம். நல்ல நெட் இல்லாவிட்டால் திக்கித் திணறும்.

இவை தவிர ஃப்ரேம்.ஐஓ போன்றவை ரிவ்யூ தளங்கள். கட் பார்த்து, ஃப்ரேம் ஃப்ரேமாகக் கருத்து எழுத உதவும். மொத்த ஃபுட்டேஜையும் குவித்து வைக்கும் இடமாக அதைப் பயன்படுத்தினால் பட்ஜெட் தாங்காது.

செலவைக் குறைக்கும் 'ப்ராக்ஸி' வழி

எடிட்டருக்கு ஒரிஜினல் ஃபைல் தேவையே இல்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். அதே 60 மணி நேர ஃபுட்டேஜை 1080பி ப்ரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால், மணிக்கு சுமார் 17 ஜிபி. மொத்தம் ஏறத்தாழ 1 டிபிதான். இருபதில் ஒரு பங்கு! ஹெச்.264 வடிவில் 10 எம்பிபிஎஸ் அளவில் எடுத்தால் இன்னும் சிறிதாகி, 270 ஜிபிக்குள் முடிந்துவிடும்.

ஷூட்டிங் ஸ்பாட்டிலேயே ப்ராக்ஸி தயாரித்து அதை மட்டும் க்ளவுடில் ஏற்றலாம். அன்று இரவே எடிட்டர் வேலையைத் தொடங்கிவிடலாம். ஒரிஜினல் டிஸ்க் கூரியரிலோ ஆள் மூலமாகவோ பிறகு வந்து சேரட்டும். பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. எடிட் லாக் ஆன பிறகு, தேவையான ஷாட்டுகளின் ஒரிஜினல் மட்டும் கலரிஸ்டுக்கும் விஎஃப்எக்ஸ் டீமுக்கும் போனால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ப்ராக்ஸியின் பெயரும் டைம்கோடும் ஒரிஜினலோடு ஒத்துப்போக வேண்டும். நடுவில் யாராவது ஃபைல் பெயரை மாற்றினால் ரீலிங்க் ஆகாமல், கடைசி நேரத்தில் ஒவ்வொரு ஷாட்டாகத் தேட வேண்டியிருக்கும்.

க்ளவுடில் இருந்தால் பத்திரம்தானே?

அப்படி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தென்கொரியா. 2025 செப்டம்பரில் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய 'ஜி-டிரைவ்' என்ற க்ளவுடில் இருந்த 858 டிபி தரவு அழிந்தது. வெளியே வேறு எங்கும் பேக்கப் இல்லை.

சினிமாவிலும் ஒரு பழைய பாடம் உண்டு. 1998-இல் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பின்போது தவறான ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் அழியத் தொடங்கின. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டில் இருந்து வேலை பார்த்துவந்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் காப்பாற்றியது.

இதனால்தான் '3-2-1' விதியைச் சொல்கிறார்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். முக்கியமான விஷயம், சிங்க் என்பது பேக்கப் அல்ல. ஒருவர் தவறி டெலீட் செய்தால் எல்லார் கம்ப்யூட்டரிலும் அது காணாமல் போகும்.

கசிவு பயம் தனி. 2013-இல் 'அத்தாரின்டிகி தாரேதி' தெலுங்குப் படத்தின் முதல் பாதி, ரிலீஸுக்குச் சில நாட்கள் முன்பே வெளியே கசிந்தது. அதனால் இரண்டு கட்ட லாகின், பெயருடன் வாட்டர்மார்க், காலாவதியாகும் லிங்க் ஆகியவை கட்டாயம். வேலை முடிந்து போனவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• மாதம் எவ்வளவு டிபி டவுன்லோடு ஆகும்? வாடகையைவிட இதை முதலில் கணக்கிடுங்கள்.
• அழித்த ஃபைலின் பழைய வெர்ஷன்கள் உள்ளேயே இருந்து பில்லை ஏற்றுகின்றனவா?
• குறைந்தபட்ச வைப்புக் காலம் உண்டா?
• சர்வர் எந்த நாட்டில்? தூரம் கூடினால் வேகம் குறையலாம்.
• எத்தனை பேருக்கு லாகின்? ஆள் கணக்கில் கட்டணமா, டிபி கணக்கிலா?
• செலவு எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதி இருக்கிறதா?

படம் முடிந்த பிறகு?

இங்குதான் பலர் மறந்துவிடுகிறார்கள். ரிலீஸ் ஆகி ஓராண்டு கழிந்தும் அதே 20 டிபிக்கு மாதாமாதம் வாடகை போய்க்கொண்டே இருக்கும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் போன்ற ஆர்கைவ் சேவைக்கு மாற்றினால் 20 டிபிக்கு மாதம் சுமார் 20 டாலர், 1,800 ரூபாய். ஆனால் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும். எனவே நாளை மறுநாள் தேவைப்படும் ஃபைலை அங்கே தள்ளக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், ஐந்தாறு பேர் கொண்ட சிறிய குழுவுக்கு ஒரே க்ளவுடில் எல்லாவற்றையும் போடுவதுதான் பெரும்பாலும் அதிகச் செலவு. ஒரிஜினல் இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரு மலிவான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிலும், ப்ராக்ஸி மட்டும் எல்லாரும் தொடும் இடத்தில், முடிந்த படம் ஆர்கைவில் என்று பிரித்து வைத்தால் பில்லும் அடங்கும், தூக்கமும் வரும். நிறுவனங்கள் விலையை அடிக்கடி மாற்றுவதால், கார்டு எண்ணை அடிக்கும் முன் அவர்களின் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.