இல்லாத வட்டின் விலை

ஐ.பி.எம். நிறுவனம் 1989-இல் அறிமுகப்படுத்திய 3390 வட்டு இன்று உற்பத்தியில் இல்லை. ஆயினும் பெருங்கணினிகளில் இயங்கும் லினக்ஸ் அமைப்புகள் பலவும் 3390 வட்டில் எழுதுவதாகவே கருதிக்கொள்கின்றன. அவ்வட்டு, சேமிப்பகக் கருவி காட்டும் பாவனை. இப்பாவனையால் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதே வழக்கமான கேள்வி. அச்செலவு எங்கே விழுகிறது, எவருடைய தேவைக்காக விழுகிறது என்பதையும் தொழில்நுட்ப வரலாறு கேட்கவேண்டும்.

இதன் வேர் 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசையில் உள்ளது. அதன் வட்டுகளில் பதிவின் நீளத்தை நிரலாளரே முடிவு செய்தார். பதிவோடு ஒரு தேடுகுறியையும் இணைக்கலாம். தேடும் பணியை உள்ளீட்டுத் தடங்களே கவனித்ததால் மையச் செயலி வேறு வேலையைத் தொடர்ந்தது. நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. 1979-இல் வந்த 3310, 3370 வட்டுகள் 512 பைட் கொண்ட நிலைநீளத் தொகுதிகளைக் கொண்டுவந்தன. விஎம் இயங்குதளம் அவற்றை ஏற்றது. பழைய வட்டு வடிவத்தை நம்பி எழுதிய நிரல்கள் மலிந்த எம்விஎஸ் ஏற்கவில்லை. அதன் வழித்தோன்றலான இசட்/ஓஎஸ் அந்த வடிவத்தையே எதிர்பார்த்தது. ஆகவே சேமிப்பகக் கருவிகள் உள்ளே நிலைநீளத் தொகுதிகளையும் வெளியே 3390-இன் தோற்றத்தையும் பேணுகின்றன.

மாறும் பதிவு நீளம் லினக்ஸுக்குத் தேவைப்பட்டதில்லை. 1999 இறுதியில் இப்பெருங்கணினிகளுக்கு வந்த அது, எம்விஎஸ்ஸுக்காகக் கட்டிய வீட்டில் குடியேறியது. 3390-இன் ஒரு வட்டுத்தடம் 56,664 பைட் கொள்ளும். 4,096 பைட் தொகுதிகளாக வடிவமைத்தால் 12 தொகுதிகளே அடங்கும். அதாவது 49,152 பைட். உருளைக்கு 15 தடங்கள் வீதம் 3,339 உருளைகள் கொண்ட வட்டில், 2.84 ஜிகாபைட் என்னும் பெயரளவுக் கொள்ளளவு 2.46 ஆகச் சுருங்குகிறது. ஒரு முகவரி ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையையே ஏற்கும் என்ற பழைய விதியும் தொடர்ந்தது. ஒரே வட்டுக்குப் பல மாற்று முகவரிகள் வழங்கும் ஏற்பாடே அந்தக் காத்திருப்பைக் குறைத்தது.

2004-இல் வெளியான இசட்/விஎம் 5.1 வேறொரு பாவனையைச் சேர்த்தது. ஸ்கஸி வட்டுகளை, 9336 என்னும் நிலைநீளத் தொகுதி வட்டுகளாக அது விருந்தினர் அமைப்புகளுக்குக் காட்டியது. இங்கே மொழிபெயர்ப்பைச் செய்வது சேமிப்பகக் கருவி அன்று; இசட்/விஎம்மின் கட்டுப்பாட்டு நிரல். எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் மையச் செயலியின் நேரம் செலவாகிறது. லினக்ஸே ஸ்கஸி வட்டை நேரடியாக இயக்கினால் இச்செலவு நீங்கும். ஆனால் ஒரு பாதை பழுதானால் மறுபாதைக்கு மாறும் பொறுப்பு விருந்தினரிடம் வந்துசேரும். ஒரு வட்டைச் சிறு வட்டுகளாகப் பகிர்ந்தளிக்கும் விஎம்மின் பழைய வசதியும் இழக்கப்படும்.

ஆக, முதல் பாவனையின் விலை இடமும் காத்திருப்பும். இரண்டாவதன் விலை செயலி நேரம். பாவனையே வேண்டாமெனில் விலை நிர்வாக உழைப்பு. நொடிக்கு இத்தனை மெகாபைட் என்னும் ஒற்றை எண்ணில் இம்மூன்றும் மறைந்துவிடும். செயலி நேரத்தையும் காத்திருப்பையும் தனித்தனியே அளந்து, நிர்வாகச் சுமையையும் சேர்த்து எடைபோட்டால்தான் ஒப்பீடு நேர்மையாகும். 1964-இல் நினைவகத்தை மிச்சப்படுத்த எடுத்த முடிவுக்கு, அதனால் பயனேதும் பெறாத லினக்ஸ் இன்றும் தவணை செலுத்துகிறது என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.