பறையைக் கீழே வைத்தவர்களும் கற்றுக்கொடுத்தவர்களும்

"எங்க தாத்தா பறையடிக்க மாட்டேன்னு சொல்லி அடி வாங்கினார். நான் ஏன் அதைக் கத்துக்கணும்?" பறைப் பயிற்சி என்றதும் நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஊருக்குப் பறையடிப்பது விரும்பிச் செய்த தொழில் அல்ல, கட்டாய ஊழியம். ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் கூப்பிட்ட உடனே போக வேண்டும். திருவிழாவில் வெளியே நின்று அடிக்க வேண்டும், கோயிலுக்குள் நுழையக் கூடாது. கூலியையும் ஊரே முடிவு செய்யும். செத்த மாட்டைத் தூக்குவதும் பறையடிப்பதும் ஒரே கட்டளையின் கீழ் வந்தவை. 1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சி உண்பது போன்ற, இழிவைச் சுமத்தும் வழக்கங்களை விட்டொழிக்கச் சொன்னார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் இந்த இரண்டு ஊழியங்களையும் எதிர்த்து மக்களைத் திரட்டினார். மறுப்பதற்கு விலை இருந்தது: அடி, ஊர்விலக்கம், வேலை மறுப்பு. அதைத் தெரிந்தேதான் நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தார்கள்.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில் பறை மீண்டும் கைக்கு வந்தது. இம்முறை யாரும் கட்டளையிடவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை விடுதலைக்கான மொழியாகக் கற்றுக்கொடுத்தார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு இன்னொரு தடையையும் உடைத்தது. பறை ஆண்களின் கருவியாகவே இருந்துவந்தது. அங்கே தலித் இளம்பெண்கள் அதைத் தோளில் மாட்டினார்கள். தோலை நெருப்பில் காய்ச்சுவது, அடவை முதலில் வாயால் சொல்லிப் பழகுவது, காலடியோடு குச்சியைச் சேர்ப்பது எல்லாம் அங்கே பாடம். சாதி எப்படி இயங்குகிறது, பெண்ணின் உரிமை என்ன என்பதும் பாடம்தான்.

ஆக, அன்று கீழே வைத்ததும் பிறகு எடுத்ததும் ஒரே போராட்டம். எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது, என்ன கூலி என்பதை அடிப்பவரே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இரண்டிலும் கோரிக்கை.

அது இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் வழக்கமான 7 பாடங்கள் குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். பறைக்கு அந்த வரிசையில் இடமில்லை. நகரத்தில் பறை வகுப்புகள் பெருகியிருக்கின்றன; சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அடவுகளை மட்டும் கற்றுத்தரவும் முடிகிறது.

எனவே தோழர்களே, தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பில் சேரும்போது மூன்றைக் கேளுங்கள்: ஆசான் எந்த மக்களிடமிருந்து வருகிறார்? அவருக்கு உரிய ஊதியம் போகிறதா? பறையை மறுத்தவர்களின் வரலாறும் அங்கே பாடமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த வகுப்பில் அதை நீங்களே பேசத் தொடங்குங்கள்.