இஸ்ரவேல் கோத்திரங்களின் நிலப் பங்கீடு

கானான் நிலம் இஸ்ரவேல் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்ட விதத்தைப் பழைய ஏற்பாட்டின் யோசுவா நூல் 13 முதல் 21 வரையிலான அதிகாரங்களில் விவரிக்கிறது. ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம் ஆகியோர் மோசேயின் காலத்திலேயே யோர்தானுக்குக் கிழக்கே இடம் பெற்றுவிட்டனர். மேற்கே யூதாவும் யோசேப்பின் வழிவந்தோரும் முதலில் பங்கு பெற்றனர். எஞ்சிய ஏழு கோத்திரங்களுக்காக, கோத்திரத்துக்கு மூவராகச் சென்று நிலத்தைச் சுற்றி ஊர்வாரியாக எழுதி வந்தபின், சீலோவில் சீட்டுப் போடப்பட்டது. ஊர்ப்பெயர்களும் எல்லைகளுமாக நீளும் இந்த அதிகாரங்களைப் பலர் புரட்டித் தள்ளிவிடுவதில் வியப்பில்லை, வறட்சியான வாசிப்புதான். ஆனால் வென்றவர்களின் வரவுக்கணக்குப் போலத் தெரியும் இந்தப் பட்டியலுக்குள் இருப்பது உடைமைக்கு வரம்பு கட்டும் ஒரு சிந்தனை.

எண்ணாகமம் 26-ஆம் அதிகாரத்தின் விதிப்படி, பெரிய கோத்திரத்துக்கு அதிக நிலம், சிறியதற்குக் குறைவு. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டே தீர்மானிக்கும். தலைக்கட்டைப் பார்த்து அளவு, சீட்டைப் பார்த்து இடம் என்றானபின், வலியவர் நல்ல வயலைப் பொறுக்கிக்கொள்ள வழி குறைகிறது. மக்களின் தலைவரான யோசுவாவே எல்லாருக்கும் கொடுத்து முடித்தபிறகுதான் எப்பிராயீம் மலைநாட்டில் ஓர் ஊரைப் பெறுகிறார். யூதாவுக்குக் கிடைத்தது மிகுதியாகிவிட்டதால் சிமியோனுக்கு அதற்குள்ளேயே இடம் ஒதுக்கப்படுகிறது. வழிபாட்டுப் பொறுப்பிலிருந்த லேவியருக்குக் கோத்திர நிலமே இல்லை. பிற கோத்திரங்களின் நடுவே 48 ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் வெளியும் மட்டுமே. லேவியராகமம் 25 இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் தங்கியிருப்பவர்கள். எனவே அதை அறுதியாக விற்க முடியாது. அடுத்த யூபிலி ஆண்டுவரை எத்தனை அறுவடையோ அத்தனைக்கே விலை. 50-ஆம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும்.

இவையெல்லாம் பிற்காலத்தார் ஏட்டில் வரைந்த கனவு என்று மறுப்போர் உண்டு. அந்த மறுப்பில் வலு இருக்கிறது. யூதாவின் ஊர்ப்பட்டியல் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட யோசியா அரசனின் நிர்வாகப் பிரிவுகளைக் காட்டுகிறது என்று 1920களில் ஆல்பிரெக்ட் ஆல்ட் வாதிட்டார். நாடு முழுவதும் யூபிலி கடைப்பிடிக்கப்பட்டதற்கும் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் 1910-இல் சமாரியா அகழாய்வில் கிடைத்த, கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திராட்சைமதுவும் எண்ணெயும் வந்த கணக்கைச் சொல்லும் அந்த ஓடுகளில், மனாசே கோத்திரத்துக் குலப்பெயர்கள் வட்டாரப் பெயர்களாக வருகின்றன. தந்தைக்கு ஆண் வாரிசு இல்லாததால் மோசேயிடம் நிலவுரிமை கேட்டு வென்ற செலொப்பியாத்தின் ஐந்து மகள்களில் நோவாள், ஒக்லாள் ஆகியோரின் பெயர்களும் அவற்றில் உள்ளன. பட்டியல் எப்போது தொகுக்கப்பட்டிருந்தாலும், நிலத்தைக் குலத்தின் பெயரால் அறியும் வழக்கம் அரசாட்சியின் காலத்திலும் உயிரோடு இருந்தது. நாபோத்தின் கதையும் அந்த வழக்கத்தின்மீதே நிற்கிறது. முன்னோர் சொத்தைத் தர மறுத்தவனிடமிருந்து திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க, அரசன் ஆகாபின் அரண்மனைக்குப் பொய்ச்சாட்சியும் கொலையும் தேவைப்பட்டன.

இதைவிடக் கடினமான கேள்வி, பங்கிடப்பட்டது பிறர் நிலமல்லவா என்பது. அதற்குச் சமாதானம் சொல்லி நழுவ முடியாது. எருசலேமில் எபூசியரும் கேசேரில் கானானியரும் அகலவில்லை என்று யோசுவா நூலே ஒப்புக்கொள்கிறது. அந்நூல் வென்றதாகச் சொல்லும் ஆயி போன்ற இடங்களின் அகழாய்வும் மின்னல்வேகப் படையெடுப்பை உறுதிப்படுத்தவில்லை. இதனால் வன்முறையின் அளவு குறைவாகத் தோன்றலாம். ஆயினும் அந்த வன்முறையைக் கடவுளின் கட்டளையாகச் சொல்லும் நூலின் சிக்கல் தீராது. ஆனால் நிலம் கடவுளுடையது என்ற கொள்கை, பெற்றவர்களுக்கு எதிராகவும் திரும்பியது. வயலோடு வயலைச் சேர்த்துக்கொண்ட செல்வர்களைத் தீர்க்கதரிசிகளான ஏசாயாவும் மீகாவும் சாடியது அதன் அடிப்படையில்தான். பாபிலோன் சிறையிருப்பில் எழுந்த எசேக்கியேலின் புதிய பங்கீட்டில் கோத்திரங்களுக்குச் சமமான பங்குகள். அதில், இஸ்ரவேலரிடையே பிள்ளை பெற்றுத் தங்கியிருக்கும் அந்நியருக்கும், அவர்கள் வாழும் கோத்திரத்துக்குள்ளேயே, பிறப்புரிமை உள்ளவரைப் போலவே சீட்டில் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது.